காதில் வைத்துப் பார்க்க ஒரு கேமரா

கேமராவைக் கையில் கொடுத்தால் எல்லோரும் கண்ணில்தான் வைப்பார்கள். என் தாய்மாமா காதில் வைத்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் மாமா வீட்டில், பீரோவின் மேல்தட்டில் பட்டு வேட்டிகளுக்குப் பின்னால் முப்பது வருஷமாகக் கிடந்த கேமரா அது. யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது, 1976இல் வாங்கியது. தோல் உறையின் தையல் விட்டிருந்தது. மாமா உறையைக் கழற்றி, காதோரம் வைத்து, பிலிமை நகர்த்தும் லிவரை ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே எங்கோ 'டொக்' என்றது.

"சத்தம் இருக்கு மாப்ள. உசுரு இருக்கு. பேட்டரிதான் கெடையாது. எடுத்துட்டுப் போ."

பழைய பிலிம் ஏதாவது உள்ளே மாட்டியிருக்கும், அதில் அம்மாவின் கல்யாணப் படம் இருக்கும் என்றெல்லாம் ஆசைப்பட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். ஒன்றுமில்லை. கருப்பாகப் பிசுபிசுவென்று தார் மாதிரி ஒன்று விரலில் ஒட்டியதுதான் மிச்சம்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் வரும். அதில் நூற்றைம்பதைப் பொறுக்கி, மாப்பிள்ளை மூக்கில் இருக்கும் வியர்வையைத் துடைத்து, பின்னால் நிற்கும் தண்ணி கேனை அழித்துக் கொடுக்க வேண்டும். படம் என்றாலே எனக்குப் பெருக்கித் தள்ளும் குப்பை என்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். 36 படத்துக்கு மேல் எடுக்க முடியாத ஒரு பெட்டி எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அங்கிருந்து வந்ததுதான்.

முதலில் பேட்டரி. இந்தக் கேமராவுக்கு வைத்திருந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த வகையை நிறுத்திவிட்டார்கள். மாமா உசிலம்பட்டி, தேனி, மதுரை என்று அலைந்து பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்று வேட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார். மாற்று வழி வாட்ச் கடையிலேயே இருக்கிறது. எல்.ஆர்.44 என்ற பொத்தான் பேட்டரி நாலு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 6 வோல்ட். ஆனால் பழைய பேட்டரி நீளமும் தடிமனும் அதிகம். அதனால் நாலையும் ஒரு விசிட்டிங் கார்டில் இறுக்கிச் சுருட்டினேன். மீதி நீளத்துக்குப் பழைய டார்ச்சிலிருந்து பிடுங்கிய ஸ்பிரிங். மொத்தச் செலவு ஒரு கறி தோசை விலைகூட வரவில்லை. பின்பக்கம் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், பட எண் காட்டும் ஜன்னல் பளிச்சென்று எரிந்தது. அந்த 0.4 வோல்ட் வித்தியாசத்தால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாவிட்டாலும் இந்தக் கேமரா 1/500 நொடி வேகத்தில் படம் எடுக்கும். மதுரை மத்தியான வெயிலில் ஒளியுணர்வு எண் 200 உள்ள பிலிமைப் போட்டு, லென்ஸ் துவாரத்தை எஃப் 11 அளவில் வைத்தால் அந்த வேகம் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். முப்பது வருஷமும் அவர் பகலில் படம் எடுத்திருக்கலாம். இதைச் சொன்னபோது மாமா முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த 'டொக்' சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டரை இயக்கும் தண்டில் ஒரு சின்ன ரப்பர் துண்டு உண்டு. வயதாகி அது நைந்து உதிர்ந்துவிட்டால் லிவர் இழுக்கும்போது அந்தச் சத்தம் வராது, ஷட்டர் வேகமும் தாறுமாறாகிப் படங்கள் வெளுத்துப்போகும். மாமாவுக்கு ரப்பர் கதையெல்லாம் தெரியாது, சத்தம் தெரியும். பழைய எலக்ட்ரோ வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கையில் ஒட்டிய தார், ஒரு காலத்தில் பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைத்த நுரைப்பஞ்சு. அதைச் சுரண்டுவதற்குத்தான் ஒரு ராத்திரி போனது. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, மெடிக்கலில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, காடி காடியாகத் துடைத்தேன். பதிலுக்குக் கருப்புக் கம்பளி நூலைக் காடியில் பதித்து ஒட்டினேன். கீல் இருக்கும் பக்கத்துக்கு நூல் போதாது, வெல்வெட் துணியில் ஒரு பட்டை வெட்டி ஒட்டினேன். என் மனைவி வீட்டில் தையல் போடுகிறவள் என்பதால் இரண்டுமே அவள் டப்பாவில் இருந்தன.

இந்தக் கேமரா ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அப்படியென்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் போட்டோகிராபர் வைத்திருக்கும் கேமராவில், லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். இதில் அப்படியில்லை. லென்ஸ் ஒரு பக்கம், நாம் பார்க்கும் ஜன்னல் தனியாக ஒரு பக்கம். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். அந்த இரண்டாவது ஜன்னலின் காட்சியைக் கண்ணாடி வைத்துத் திருப்பி, நம் பார்வைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டத்தில் காட்டும். ஒரே ஆள் அங்கே இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கிவந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் ஃபோகஸ். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடினால் நீட்டிய விரல் இடம் மாறித் தெரிகிறதே, அந்தக் கணக்குத்தான். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே-பிரெசோன் கையில் வைத்திருந்த லைக்கா கேமராவும் இந்தச் சாதிதான். விலைதான் ஏணி வைத்தாலும் எட்டாது.

நம்முடையது சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. ஒத்தக்கடைக்குப் போய் யானைமலையைப் பார்த்தேன். லென்ஸை முடிவிலிக் குறிக்குத் தள்ளினால், தூரத்தில் இருக்கும் மலை விளிம்பு கட்டத்துக்குள் இரட்டையில்லாமல் ஒன்றாக நிற்க வேண்டும். நின்றது. கிட்டத்துக்கு, மனைவியின் இஞ்ச் டேப்பைச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். இதன் லென்ஸ் 0.8 மீட்டருக்குக் கிட்டே வராது. அதுவும் சரியாக இருந்தது. இரண்டு அனுபவக் குறிப்பு: செங்குத்தான கோடு இருந்தால்தான் இரட்டை தெரியும். படிக்கட்டு, மின்கம்பி மாதிரி படுக்கைக் கோடாக இருந்தால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் இதற்கென்றே கட்டியவை போல இருக்கும். அடுத்தது, கட்டம் மங்கலாக இருந்தால் முன்ஜன்னலின் நடுவில் கருப்பு டேப்பில் ஒரு மிளகு அளவு வெட்டி ஒட்டிப் பாருங்கள், மஞ்சள் தூக்கலாகத் தெரியும்.

பிலிம் வாங்கப் போன கதையை நீட்ட விரும்பவில்லை. முதலில் நுழைந்த ஸ்டூடியோவில், "பிலிமா? ஆல்பம் டிசைன் பண்ற ஆளு நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?" என்று சிரித்தார்கள். மாமா காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி தயாரித்த 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருள் கடைகளில் கிடைத்தது. இன்றைக்கு நான் தபாலில்தான் வரவழைத்தேன். கோடாக் கலர், 200, 36 படம். பிலிம், டெவலப், ஸ்கேன், கூரியர் எல்லாம் கூட்டிக் கழித்தால் எனக்கு ஒரு அழுத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் விழுந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலை அடிவாரம், தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். வெயில் மலையைத் தாண்டி இறங்குவதற்கு முன் அங்கே ஒரு வெளிச்சம் இருக்கும், ஒரு நிழலும் கன்னங்கரேலென்று விழாது. குளத்தங்கரையில் ஒரு அக்கா பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். குழிக்கல்லில் மாவு விழுந்ததும் ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்து, பிறகு காற்றில் சாய்ந்து விலகியது. விலகிய நொடியில் அழுத்தினேன். இந்த ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் வகை, 'டிக்' என்பதோடு சரி. அக்காவுக்கு எடுத்ததே தெரியவில்லை.

"என்ன தம்பி, எடுக்கலையா?"

"எடுத்துட்டேன்க்கா."

"சத்தமே வரலையே. எங்க, காட்டு."

காட்ட ஒன்றுமில்லை என்று புரியவைப்பதற்குள் இரண்டு ஈடு பணியாரம் வெந்துவிட்டது.

மேலே செட்டிப்புடவுக் குகை வரை ஏறி இறங்கினேன். பட எண் 34, 35, 36 என்று வந்தது. சில சுருளில் ஒன்றிரண்டு கூட வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் தொடர்ந்தேன். 37, 38. 41 வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சுற்றிப் பார்த்தேன். பிலிம் இருந்தால் கைப்பிடி கனமாகச் சுற்றும். இது காற்றாடியாகச் சுற்றியது. பிலிம் நாக்கு பிடியிலிருந்து நழுவி, சுருள் டப்பாவை விட்டு நகரவே இல்லை. 41 முறை அழுத்தியும் ஒரு படம்கூட இல்லை. கருவிழிக்கு நேரே நடந்த அந்த ஆவி விலகல் உட்பட.

இதற்கான பரிகாரத்தை அன்றைக்கு ராத்திரி போனில் மாமா சொன்னார். "கதவை மூடுனப்புறம், இடது பக்கக் கைப்பிடியைப் பையச் சுத்தி, பிலிம் தொய்வு இல்லாம இறுக்கு. பெறகு லிவரை இழு. இழுக்கும்போது அந்தக் கைப்பிடி தானா எதிர்ப்பக்கம் சுத்தணும். சுத்தலைன்னா நீ வெறும் டப்பாவைத் தூக்கிட்டு அலையுறேன்னு அர்த்தம்." இனி எண்ணைப் பார்த்து ஏமாற மாட்டேன். பிலிமே இல்லாவிட்டாலும் அந்த எண் ஏறும். ஒரே ஆறுதல், பிலிம் வெளியே வராததால் கெடவும் இல்லை. அதே சுருளை மறுபடி மாட்டினேன், இந்தத் தடவை பல்சக்கரம் இரண்டு ஓரத்துத் துளையிலும் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவை மூடினேன்.

அடுத்த ஞாயிறு டவுன். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் அனுமதி இல்லை என்பதால் சித்திரை வீதிகளைச் சுற்றிவிட்டு மாசி வீதிகளுக்கு வந்தேன். இந்தக் கேமராவில் நாம் வைப்பது துவாரத்தின் அளவை மட்டும் (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது), வேகத்தை அதுவே முடிவு செய்துகொள்ளும். எந்த வேகம் என்று நம்மிடம் சொல்லாது. பொத்தானைப் பாதி அழுத்தினால் மஞ்சளோ சிவப்போ எரியும். மஞ்சள் என்றால் வேகம் 1/30க்குக் கீழே போகிறது, கை ஆடும். சிவப்பு என்றால் 1/500 போதவில்லை, வெளிச்சம் அதிகம். இரண்டும் எரியாவிட்டால் அழுத்தலாம்.

பதினோரு மணிக்குத் தெற்கு மாசி வீதியில் எனக்குச் சிவப்பைத் தவிர வேறு எதுவும் எரியவில்லை. எஃப் 1.7 லென்ஸாச்சே, முகத்தை மட்டும் தெளிவாக வைத்துப் பின்னால் இருக்கும் கடைகளைக் கரைத்துவிடலாம் என்று திறந்து வைத்தால் சிவப்பு. எஃப் 4, சிவப்பு. எஃப் 8, சிவப்பு. எஃப் 11இல்தான் அணைந்தது. கணக்குப் போட்டால் புரியும்: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் வேகம் பிலிம் எண்ணை ஒட்டி இருக்க வேண்டும், அதாவது 200 பிலிமுக்கு 1/200. துவாரத்தை ஒவ்வொரு படி திறக்கும்போதும் வேகம் இரட்டிக்கும். எஃப் 8க்கே 1/800 வேண்டும், இதனிடம் இருப்பதோ 1/500. 400 பிலிம் போட்டிருந்தால் இன்னும் சிரமம். எங்கும் 400 வாங்கு என்றுதான் ஆலோசனை சொல்கிறார்கள். அது மழையும் மூட்டமுமான ஊர்க்காரர்கள் சொல்வது. மதுரைப் பகலுக்கு 100 அல்லது 200, சாயங்காலத்துக்கு 400. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூக்கடை ஒன்றில் மல்லிகை தொடுக்கும் விரல்களை எடுத்தேன். நாரில் முடிச்சு விழும் இடத்துக்கு நெருங்கி நெருங்கி, ஒரு முழ தூரத்துக்கே போய்விட்டேன். ஜன்னலில் விரல் நகம் வரைக்கும் தெளிவு. தெளிவாகத்தான் தெரியும், அது வெறும் ஜன்னல் கண்ணாடி, லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கட்டத்தில் மொட்டு இரண்டாக நின்றதை நான் மதிக்கவில்லை. இப்படி ஏழு படம்.

அதைவிட அசட்டுத்தனம் மூடி. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே விளக்குத்தூணை எடுத்தேன், சைக்கிள் ரிக்‌ஷாவை எடுத்தேன். ஜன்னலில் எல்லாம் ஜோராகத் தெரிகிறது. விளக்காவது எச்சரிக்கும் என்று பார்த்தால், இந்தக் கேமராவில் வெளிச்சம் அளக்கும் கண் லென்ஸில் இல்லை, உடம்பின் முன்பக்கம் தனியாக இருக்கிறது. மூடி போட்டாலும் அதன் கணக்கு மாறாது. ஆறாவது படத்துக்கு வளையத்தைத் திருப்பும்போது விரல் மூடியில் தட்டியது. இப்போது மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கலர் ஃபில்டர் மாட்டுகிறவர்களும் இதே காரணத்துக்காக ஏ.எஸ்.ஏ. எண்ணை, அதாவது கேமராவில் வைக்கும் பிலிமின் ஒளியுணர்வு எண்ணை, கையால் குறைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கண் ஃபில்டர் வழியே பார்ப்பதில்லை.

மிச்சம் இருந்த படங்களுக்காக மறுபடி கீழக்குயில்குடி. பணியாரக்கார அக்கா அன்று வரவில்லை. செட்டிப்புடவுக் குகையில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் சிலை முன்னால், கேமராவின் மஞ்சள் விளக்கு எரிந்தது. துண்டை மடித்துப் பாறையில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். டிக். எடுத்தாகிவிட்டது என்று தூக்கப் போனவன் மாமா ஞாபகம் வந்து அப்படியே காதை வைத்தேன். உள்ளே இன்னும் திறந்துதான் இருந்தது. கீழே குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. அதற்கப்புறம் மெல்லிசாக இரண்டாவது டிக். இருட்டில் இந்தக் கேமரா தனக்குப் போதும் என்கிற வரை திறந்தே இருக்கும். இரண்டாவது சத்தம் வரும்வரை கையை எடுக்கக் கூடாது.

சுருளைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. ஐந்து கருப்பு. ஏழு மல்லிகைப் பஞ்சு. மூன்று, எதிர்வெயிலில் ஆள் நிழலாகிப் போனது. 200க்குப் பதில் 100 என்று ஏ.எஸ்.ஏ. வளையத்தைத் திருப்பி ஒரு படி வெளிச்சம் கூட்டியிருக்க வேண்டும். மற்றதில் பத்துப் படம் பார்க்கும்படி இருந்தது. குகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கல்லின் உளிக்கோடு தெரிந்தது. தொழில் புத்தி, கை தானாகச் சரிசெய்யும் கருவியைத் தேடிப் போனது. சரிசெய்ய ஒன்றும் இல்லை.

இரண்டாவது சுருள் கருப்பு வெள்ளை, வீட்டிலேயே கழுவலாம் என்று இறங்கினேன். பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் டி-76 கரைசலுக்கு 20 டிகிரி வேண்டும். ஏப்ரலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் நேராக ரசம் வைக்கலாம். கரைசல் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இறக்கி வைத்துக் குளிரவிட்டேன். ஐஸைக் கரைசலுக்குள் போட்டால் நீர்த்துப்போகும். அதன் வேலையை நிறுத்தும் கரைசல், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லாமே அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கலர் முறைக்கு 38 டிகிரி, அதற்கு வேண்டுமானால் நம் தொட்டி பொருத்தம். வாங்கி வைத்த சுருள்கள் ஃபிரிட்ஜ் கதவில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வியர்க்காது. பிலிம் மாட்டிய கேமராவை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். பையில் வைக்கும்போது பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி அழுந்தியே கிடந்து பேட்டரி தீரும்.

போன வாரம் பிரிண்ட்டுகளோடு மாமா வீட்டுக்குப் போனேன். கருப்பாக வந்த ஐந்தையும் வேண்டுமென்றே கொண்டுபோயிருந்தேன். பார்த்துவிட்டு, "மூடியைக் கழட்டாம எடுத்தியா? எந்தக் கூமுட்டைடா அப்படி எடுப்பான்?" என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு கேமராவை வாங்கினார். மூன்றாவது சுருளில் பதினோரு படம் பாக்கி இருந்தது. உறையோடு கொடுத்ததால் மூடியும் போட்டே கொடுத்திருந்தேன்.

"வா இங்கிட்டு, வாசல்ல நில்லு" என்று அத்தையை நிறுத்தினார். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முருங்கை மரத்தடியில் விறைப்பாக நின்றார். மாமா லிவரை இழுத்து, தலையைச் சாய்த்து 'டொக்'கைக் கேட்டு, கண்ணில் வைத்து, வளையத்தைத் திருப்பித் திருப்பி, "சிரி" என்றார். டிக்.

"மாமா, மூடி" என்றேன்.

கேமராவைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார்.

"அது ஒத்திகைடா" என்று சொல்லி மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அத்தை இன்னும் அதே சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார்.